வடக்குச் சுவரில் சிவப்புச் சட்டை

எட்டு மாடி உயரத்தில், இரண்டு கயிறுகளில் தொங்கும் ஒரு பலகையில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கச் சுவருக்கு வண்ணம் அடிப்பவர் அந்தப் பெயிண்டர். கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டால் அசராத ஆள் என்பார்கள். காற்று பலகையைத் தள்ளினாலும் அவர் கையில் இருக்கும் ரோலர் கோணாது. அப்படிப்பட்ட மனிதர் தினமும் காலை ஏழரை ஆனால் ஆட்டம் கண்டுவிடுவார். அந்த நேரத்தில்தான் அவர் மகள் பள்ளிக்கூடச் சீருடையைப் போட்டுக்கொள்வாள்.

மகளுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்தவள். துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது, "என்ன இது, மிளகு அளவுக்கு இருக்கு!" என்று அப்பா வாய் தவறிச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் மிளகுதான்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவாள். அதனால் காலை நேரம் முழுக்க அப்பா தலையில். குளிக்கும்வரை சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, சீருடையின் முதல் பொத்தானைப் போட்டதும் வெளிறிப்போவாள். வயிறு வலிக்கும். பாதி நாள் குடித்த பாலை வாந்தி எடுப்பாள். பிறகு கேள்விகள் தொடங்கும்.

"அப்பா, மணி அடிக்கிற அண்ணன் இன்னைக்கு லீவு போட்டுட்டா?"

"வேற யாராவது அடிப்பாங்க."

"அவங்களுக்கு எப்ப அடிக்கணும்னு தெரியலைன்னா?"

"டீச்சர் சொல்லுவாங்க."

"டீச்சரோட வாட்ச் நின்னு போச்சுன்னா?"

"அம்மாடி, உன்னை வக்கீலுக்குத்தான் படிக்க வைக்கணும்" என்று அவர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள். ஷூவின் பட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கடைசியில், எத்தனை கேள்வி கேட்டாலும், அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்பாள்.

"நான் கிளாஸுக்குள்ள இருக்கறப்போ நீங்கல்லாம் வெளிய இருக்கீங்களா?"

"இல்லாம எங்க போவோம்?"

"எனக்குத் தெரியலையேப்பா."

இது எங்கிருந்து முளைத்தது என்று அவருக்குத் தெரியும். போன வருடம் ஒரு நாள் கயிறு சிக்கிக்கொண்டு, ஆறாவது மாடியில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் பக்கத்தில் மிளகு மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கேட்டைப் பூட்டும் சங்கிலி வாட்ச்மேன் கையில் இருந்தது. அவள் அழவில்லை. மறுநாள் காலையில்தான் முதல் வாந்தி.

அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். மனிதருக்குத் தெரிந்தது உயரம். முதல் முதலாகக் கயிற்றில் இறங்கிய அன்றைக்கு அவருக்கும் கைகால் உதறியிருக்கிறது.

"கீழ பாக்கவே கூடாது. எதிர்ல இருக்கற சுவத்தை மட்டும் பாக்கணும். மெதுவா பத்து எண்ணணும். பயம் கைய விட்டுட்டுப் போயிடும்."

"பத்து எண்ணி முடிச்சும் போகலைன்னா?"

"மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ணு."

"எத்தனை தடவை?"

"அது போற வரைக்கும்."

எண்ணுவது கொஞ்சம் கைகொடுத்தது. வாந்தி வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் போகவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு எட்டு மாடிக் குடியிருப்புக்கு வெளிப்பூச்சு அடிக்கும் வேலை வந்தது. முதல் நாள் மொட்டை மாடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த பெயிண்டர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். வடக்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் ஒயர்களுக்கும் அப்பால், பள்ளிக்கூடத்தின் மஞ்சள் சுவர். முதல் மாடியில் வரிசையாக ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னல் மிளகுவின் வகுப்பு. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. கீழே இறங்கி மேஸ்திரியிடம் போய், "வடக்குச் சுவத்தை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"எவனும் வடக்கைக் கேக்க மாட்டானே. ஈரம் காயாதே, பாசி பிடிச்சுக் கெடக்குமே" என்றார் மேஸ்திரி.

"எனக்கு அதுதான் வேணும்."

அன்று மாலை டீச்சரைப் பார்த்தார். நல்ல டீச்சர். மிளகுவை ஜன்னல் ஓரம் உட்காரவைக்கச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு பீரியட் மணிக்கும் ஒரு தடவை பார்க்கலாம், அதற்கு மேல் கூடாது.

தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்று பெட்டியின் அடியில் கிடந்த பழைய சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். மணிச் சத்தம் காற்றில் வந்ததும் ரோலரை வாளியில் வைத்துவிட்டு வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார். இரண்டு தெரு தள்ளி, ஒரு ஜன்னலில், ஏதோ ஒன்று சின்னதாக அசையும். அது கையா, ஜன்னல் கதவா என்றுகூடச் சரியாகத் தெரியாது. கையென்றே வைத்துக்கொண்டார்.

அடுத்த பலகையில் தொங்கியவன் ஒட்டடை. நெடுநெடுவென்று ஒட்டடைக் கம்பு மாதிரி வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர்.

"அண்ணே, ஸ்கூலுக்குப் போறது உன் பொண்ணா, நீயா? மணி அடிச்சா நீ ஏன் கையத் தூக்கறே? யூரின் வருதா?"

"வேலையப் பாருடா."

"நானும் தூக்கறேன். டீச்சர் நமக்கும் லீவு குடுக்கட்டும்."

மூன்றாவது வாரம் வாந்தி நின்றது. மதிய டப்பா காலியாக வந்தது. பக்கத்தில் உட்காரும் பெண் பென்சில் சீவித் தந்தாள், இவள் அவளுக்கு ரப்பர் தந்தாள் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரு நாள் படம் வரைந்து காட்டினாள். ஒரு பெரிய கட்டம், அதில் நிறைய ஜன்னல்கள், நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இது யாரு?"

"இதுகூடத் தெரியலையா? நீதான்."

படத்தை அம்மா அலமாரிக் கதவில் ஒட்டினாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அது நடந்து எவ்வளவு காலமாயிற்று என்று அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவர் என்று இருந்தால் அது ஒரு நாள் முடியத்தானே வேண்டும். பட்டி, பிரைமர், முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு என்று வடக்குச் சுவர் ஏழாவது வாரத்தில் முடிந்தது. பெயிண்டர் வேலையை இழுத்துப் பார்த்தார். ஈரம் இன்னும் இருக்கிறது என்றார். அந்த மூலையில் திட்டு தெரிகிறது என்றார். யாரும் கேட்காமலே ஒரு பட்டைக்கு மூன்றாம் பூச்சும் அடித்தார். மேஸ்திரி கீழே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு கத்தினார்.

"யோவ், அந்த மூலைக்கு மட்டும் என்ன பொண்ணு பாக்கவா வர்றாங்க? இப்படிப் பவுடர் பூசறே! நாளைக்கு எல்லாரும் தெற்குச் சுவத்துக்குப் போறீங்க."

தெற்கு என்றால் கட்டிடத்தின் அந்தப் பக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து தெரியவே தெரியாது.

"பிள்ளைகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "சுவர் முடிஞ்சிடுச்சு, அப்பா அந்தப் பக்கம்தான் இருக்கேன்னு சொன்னா கேட்டுக்குவா. இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்காளே."

"அதனாலதான் பயமா இருக்கு. தேறினதைக் கெடுத்துடக் கூடாதில்ல."

"இன்னைக்கில்லன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது."

"ஒரு வாரம் போகட்டும். இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கட்டும். நானே சொல்றேன்."

மனைவி அதோடு விட்டுவிட்டாள். அவர் சொல்வதாகச் சொன்னால் சொல்லுவார் என்று நம்புகிறவள்.

கயிற்றில் தொங்குகிறவர்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. பொம்மை போடுவது என்பார்கள். டீ குடிக்க இறங்கும்போது, இரண்டு கம்புகளைக் குறுக்காகக் கட்டி, அதற்குச் சட்டையை மாட்டி, மேலே தொப்பியைக் கவிழ்த்துப் பலகையில் நிறுத்திவிட்டுப் போவார்கள். கீழே இருந்து அண்ணாந்து பார்க்கும் மேஸ்திரிக்கு ஆள் வேலையில் இருப்பதாகவே தெரியும். அந்தப் பொம்மைகளிடம் வாய்விட்டுத் திட்டிய மேஸ்திரிகள்கூட உண்டு. மேஸ்திரியை ஏமாற்றத் தெரிந்த கைக்கு, ஏழு வயதுப் பிள்ளையை ஏமாற்றுவது அன்று பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலை வடக்குச் சுவரில் ஒரு பழைய பலகையை இறக்கி, அதில் சிவப்புச் சட்டையை நிறுத்தினார். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெற்குச் சுவருக்குப் போனார்.

மாலையில் மிளகு கேட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"அப்பா, இன்னைக்கு நீ எவ்ளோ நேரம் கை ஆட்டினே! மணி அடிக்கறதுக்கு முன்னாடியே ஆட்டினே! நான் பதிலுக்கு ஆட்டி ஆட்டிக் கையே வலிச்சுப்போச்சு."

சட்டைக் கையில் காற்று புகுந்திருக்கிறது. அவருக்கு ஒரு பக்கம் குளிர்ந்தது, ஒரு பக்கம் உறுத்தியது. "ஆமாடா" என்று மென்று விழுங்கினார். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொல்ல வாயெடுத்தார், அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள், விட்டுவிட்டார்.

தான் உட்காரும் பலகை என்றால் அவர் ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போடுவார், இழுத்துப் பார்ப்பார், மறுபடி இழுத்துப் பார்ப்பார். சட்டைக்கு யார் அவ்வளவு பார்ப்பார்கள்? ஒரு முடிச்சோடு விட்டிருந்தார். நான்காம் நாள், பதினோரு மணி வாக்கில், காற்று ஓங்கி அடித்தது.

கட்டிடத்து வாட்ச்மேன்தான் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தெற்குப் பக்கம் வந்தார். கம்பும் தொப்பியும் கையில் இருந்தன.

"யாரோடது இது? எட்டு மாடியிலேர்ந்து என் தலையில இறங்கப் பாத்துச்சு."

ஒட்டடை மேலிருந்து சிரித்தான். "அண்ணே, உன் ஆளு சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுட்டான்!"

பெயிண்டரும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பார்த்திருப்பாளோ? மணிக்கு ஒரு தடவைதானே பார்ப்பாள். இப்போது மணி அடித்ததா? அடித்த மாதிரி இருந்தது. தெற்குப் பக்கம் சத்தம் சரியாகக் கேட்பதில்லை. ஒரு எட்டு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று நினைத்தார். ரோலரில் பெயிண்ட் தோய்ந்திருந்தது. அடித்துக்கொண்டிருந்த பட்டையைப் பாதியில் விட்டால் காய்ந்த இடமும் ஈரமான இடமும் சேரும் கோட்டில் திட்டு விழும். தொழில் தெரிந்த எவனும் பாதியில் விடமாட்டான். இந்தப் பட்டை முடியட்டும் என்று நினைத்தார். அது முடிந்ததும் அடுத்த பட்டையின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. சட்டை காணாவிட்டால் டீ குடிக்கப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தார். அவரைப் பார்த்ததும் டீச்சர் முகத்தில் சிரிப்பு.

"இன்னைக்கு உங்க பொண்ணு ரொம்ப சமர்த்து. நடுவுல ஒரு தடவை பயந்துட்டா. கை தூக்கி, 'மிஸ், எங்கப்பா விழுந்துட்டார்'னு சொன்னா. அதெல்லாம் ஒண்ணும் ஆகியிருக்காதுடா, நீ நினைக்கிறது எதுவும் நடக்காது, உக்காந்து அப்பா சொன்ன மாதிரி எண்ணுன்னேன். அவ்வளவுதான், உக்காந்துட்டா. அப்புறம் மூச்சு விடல. நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க."

பெயிண்டர் முகத்தில் ஈயாடவில்லை. "எப்ப டீச்சர்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது பீரியட் முடிஞ்ச உடனே."

மிளகு வரிசையின் கடைசியில் வந்தாள். ஓடவில்லை. கேட் அருகே நின்று கூட்டத்தில் யாரையோ தேடினாள். அப்பாவைத் தேடவில்லை. தன்னைக் கூட்டிக்கொண்டு போக வேறு யார் வந்திருக்கிறார்கள் என்று தேடினாள். அது அவருக்குப் புரிவதற்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு அவள் கண் அவர் மேல் பட்டது. முகத்தில் எதுவும் மாறவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். அவருடைய வலது கைச் சட்டையைத் தோளில் பிடித்து அழுத்தினாள். கொஞ்சம் கீழே அழுத்தினாள். முழங்கை, மணிக்கட்டு என்று அழுத்திக்கொண்டே இறங்கினாள். அப்புறம் இடது கை.

"எங்க அடிபட்டுச்சுப்பா?"

அவர் அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தார். "அப்பா விழலடா கண்ணு. அப்பா நல்லா இருக்கேன் பாரு. அது வெறும் சட்டை. சட்டைதான் விழுந்துச்சு. அப்பா அந்தப் பக்கம் வேலை செஞ்சிட்டிருந்தேன்."

அவள் யோசித்தாள். கணக்கில் விடை வராதபோது நெற்றியைச் சுருக்குவாளே, அப்படி.

"நேத்து?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கு நீ நிறையக் கை ஆட்டினியே?"

"மிளகு..."

"காத்தா?"

அவர் தலையை ஆட்டினார்.

"நான் காத்துக்கா டாட்டா காட்டினேன்?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. சரியாகப் புரிந்துகொண்டோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வீட்டை நோக்கி நடந்தாள். அவர் பின்னால் போனார்.

மாலையில் வீட்டுப்பாடம் பார்க்கப் பையைத் திறந்த அம்மா, ஒரு நோட்டை எடுத்துப் புரட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்பக்கத்திலிருந்து எண்கள். ஒன்றிலிருந்து பத்து. மறுபடி ஒன்றிலிருந்து பத்து. வரி வரியாக, பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் எண்கள் கோணலும் மாணலுமாகக் கிடந்தன. சில இடத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. போகப் போக எழுத்து அழகாகிக்கொண்டே வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

மனைவி திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் நோட்டை மூடி அவர் மடியில் வைத்தாள்.

"பதினொண்ணுலேர்ந்து மூன்றரை வரைக்கும்" என்றாள். "நாலரை மணி நேரம் அந்தப் பிள்ளை அப்பா இல்லாத பிள்ளையா உக்காந்திருந்திருக்கு."

மறுநாள் மிளகு பள்ளிக்கூடம் போகமாட்டாள் என்றே இருவரும் நினைத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் லீவுகூடச் சொல்லிவிட்டாள். மிளகு எழுந்தாள், குளித்தாள், சீருடையைத் தானே போட்டுக்கொண்டாள். பாலைக் குடித்தாள். வாந்தி எடுக்கவில்லை. ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றிலிருந்து அப்படித்தான்.

ஜன்னல் ஓரம் வேண்டாம் என்று டீச்சரிடம் அவளே கேட்டு, சுவர்ப் பக்கத்து வரிசைக்கு மாறிக்கொண்டாள். பெயிண்டர் அதன்பின் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தினமும் காலையில், இன்றைக்குத் தெற்குச் சுவர், மூன்றாம் மாடி, உன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நான் அங்கேதான் இருப்பேன் என்று விவரமாகச் சொன்னார். அவள் "சரிப்பா" என்றாள். எதைச் சொன்னாலும் "சரிப்பா." அந்தச் "சரிப்பா"வைக் கேட்டால் எட்டாவது மாடியில் கயிறு தளர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அவருக்கு.

"பாத்தியாண்ணே, தானா சரியாயிடுச்சு" என்றான் ஒட்டடை. "பிள்ளைங்க சட்டுனு மறந்துடும்." பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, பயந்த பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று இவரிடம் கேளுங்கள் என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மா கூட்டம் முடிந்ததும் வந்து கேட்கவும் செய்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பொய் சொல்லிடாதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது போல் பார்த்துவிட்டுப் போனாள்.

அலமாரிக் கதவில் அந்தப் படம் ஒரு நாள் இல்லை. யார் எடுத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஒரு காலையில் அவருக்குத் தாங்கவில்லை. ஷூவின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தவளின் முன்னால் போய் உட்கார்ந்து, பழைய குரலில், சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டா மிளகு, மணி அடிக்கிற அண்ணன் இன்னைக்கு லீவு போட்டுட்டா என்ன பண்றது?"

டீச்சரோட வாட்ச் நின்னு போச்சுன்னா என்று அவள் கேட்கவேண்டும் என்று மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் நிமிரவில்லை.

"பத்து எண்ணுவேன்" என்றாள்.

இப்போதும் மூன்றரைக்கு அவர் கேட்டில் நிற்கிறார். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. மூன்று மணிக்கே வந்துவிடுகிறார். பாதியில் விட்ட பட்டைகளில் திட்டு விழுந்து மேஸ்திரியிடம் திட்டும் வாங்குகிறார். மிளகு நடந்து வருவாள். பையை அவரிடம் கொடுப்பாள். கையைப் பிடிப்பதற்கு முன்னால், தோளில் தொடங்கி மணிக்கட்டு வரைக்கும், சட்டையை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பாள். அது முடியும்வரை பெயிண்டர் அசையாமல் நிற்பார்.